கூழின் மேல் விழுந்த பழி

நீங்கள் வெளிநோயாளிப் பிரிவில் உட்காரும் முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "டாக்டர், கஞ்சா எண்ணெய் தடவினா தோல் கேன்சர் கரைஞ்சிடுமாமே, நெசமா?" கேட்பவர் கையில் கைபேசி இருக்கும். அதில் ஒரு வீடியோ ஓடும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அதில் நம்மைவிட ரொம்ப நம்பிக்கையாகப் பேசிக்கொண்டிருப்பார்.

உங்களுக்குச் சிரிப்பு வரும், இல்லாவிட்டால் கோபம் வரும். எனக்கு இரண்டும் வந்திருக்கிறது. ஓய்வு பெற்று உட்கார்ந்து யோசிக்கும்போது, கேட்டவர்கள் எல்லாம் எனக்கு உபகாரம் செய்தவர்கள் என்று படுகிறது. கேட்காமலே வாங்கிப் பயன்படுத்தியவர்கள்தான் என்னைத் திண்டாட வைத்தார்கள். அப்படி ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

என் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வேலை பார்த்ததெல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். எங்கள் மருத்துவமனை திங்கட்கிழமைதோறும் உத்திரமேரூரில் ஒரு புற்றுநோய் கிளினிக் நடத்தியது. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் இடம். முகூர்த்தம் திங்கட்கிழமையில் விழுந்தால் எங்களை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். மேலே நாதஸ்வரம், கீழே நான் ஒருவரின் ஸ்கேனைப் படித்துக்கொண்டிருப்பேன். அங்கே வந்தவர்தான் சரோஜா.

திருப்புலிவனம் போகும் வழியில் ஒரு கிராமம் அவருக்கு. நடவு, களை, அறுப்பு என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து வயலில் வெறுங்காலோடு நின்றவர். குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு வந்தது. கால் ஆணி என்று நினைத்தார். அவருடைய கணவர் ஏகாம்பரம் பிளேடால் சீவிச் சீவிப் பார்த்திருக்கிறார். தோல் புற்றுநோய் என்றால் வெயில் பட்டு வருவது என்று நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம் ஜனங்களின் மாநிறத் தோலில் மெலனோமா என்கிற கரும்புற்று வெயிலே படாத உள்ளங்காலில் போய் ஒளிந்துகொள்ளும். நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்காத மருத்துவர் பாதி நோயாளியைத்தான் பார்த்திருக்கிறார்.

குதிகாலில் அறுவை சிகிச்சை ஆனது. சில மாதம் கழித்து தொடை இடுக்கில் கட்டி கிளம்பியது. அந்தச் சமயத்தில் எங்கள் மருத்துவமனையில் ஒரு மருந்து ஆய்வு நடந்துகொண்டிருந்தது. நம் எதிர்ப்பு அணுக்களின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, புற்றைத் தாக்கவிடும் இம்யூனோதெரபி மருந்து. சரோஜா அதில் சேர்ந்தார். சேராவிட்டால் அந்த மருந்து அவர்களுக்குக் கனவிலும் கிடைத்திருக்காது. அதனால் ஆய்வின் விதிகள் அவர்களுக்கு வேத வாக்கு. எதையாவது மீறினால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று ஏகாம்பரத்துக்கு ஒரே பயம்.

அந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. நோயாளிகள் அவ்வப்போது ஒரு சின்ன டப்பாவில் மலம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். குடலுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கும் இந்த மருந்து வேலை செய்வதற்கும் தொடர்பு இருக்கிறது என்று உலகம் முழுக்கப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒரே மருந்து, ஒரே நோய், ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஏன் என்று தேடிப்போனால், வழி குடலில் போய் முடிகிறது. சிகிச்சையை ஒட்டி ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு மருந்து சரியாகக் கேட்பதில்லை என்றும் சந்தேகம் எழுந்திருந்தது. எதுவும் முடிந்த முடிவு இல்லை. ஆனால் தோலில் வந்த நோய்க்கு வயிற்றைக் கேள்வி கேட்பது எனக்கு அவ்வளவு சுவாரசியமாக இருந்தது.

சரோஜாவுக்கு அந்த டப்பாதான் பெரிய கூச்சம். முதல் தடவை துணிப்பைக்குள் துணி, அதற்குள் எவர்சில்வர் தூக்கு, அதற்குள் டப்பா என்று கொண்டுவந்தார். "கால்ல வந்த கட்டிக்கு இத்த இன்னாத்துக்கு மேடம் கேக்கறீங்க?" என்றார். நான் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "நல்லா கேக்கறீங்க போங்க" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மருந்து கேட்டது. தொடை இடுக்குக் கட்டி சுருங்கிக்கொண்டே வந்தது. சரோஜா நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார், வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு ஏதாவது மருந்து, நாட்டு வைத்தியம் உண்டா என்று ஒவ்வொரு தடவையும் கேட்போம். "ஒண்ணும் கெடையாது மேடம்" என்று ஏகாம்பரம் முந்திக்கொண்டு சொல்வார். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில், போதைப் பொருள் ஒழிப்புக்காகக் காவல்துறை ஒட்டிய போஸ்டர் ஒன்று இருந்தது. கைவிலங்கு படம், கொட்டை எழுத்து. மண்டபத்துக்காரர் அனுமதித்து ஒட்டியது. எங்கள் கண்ணுக்குப் பழகிப் போய், நாங்கள் அதைப் பார்ப்பதையே விட்டிருந்தோம்.

ஆடி மாதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை கிளினிக் திறந்த கையோடு ஷேர் ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. சரோஜாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. வந்தவுடன் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்டார்.

"நேத்து கோயில்ல கூழு ஊத்தனாங்க மேடம். அத்த குடிச்சிட்டு வயிறு போயிகினே கீது. நிக்கவே மாட்டேங்குது, ஒரே பேஜாரா பூட்ச்சி" என்றார் ஏகாம்பரம். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "மெடிக்கல்ல ஒரு செட்டு மாத்திர வாங்கிகினு வந்தேன். இத்த குடுத்தா நின்னுடுமாம். அது முழுங்க மாட்டேங்குது."

செட்டு மாத்திரை என்ன என்பது இந்தப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் என்றால் ஒரு செட்டு, வயிற்றுப்போக்கு என்றால் ஒரு செட்டு. பிரித்துப் பார்த்தேன். ஓர் ஆன்டிபயாடிக், வயிற்றைக் கட்டும் மாத்திரை ஒன்று, கூடவே ஒரு வைட்டமின்.

அன்றைக்கு என்னோடு வந்திருந்த பயிற்சி மருத்துவர் கெட்டிக்காரப் பையன். நாடி பார்த்தார், குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்தினார், எல்லாம் மளமளவென்று நடந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "ஃபுட் பாய்சன் மேடம். கடையில குடுத்ததும் தப்பில்ல. அதே மருந்தை நாம ட்ரிப்ல போட்டு, வயித்தைக் கட்டிட்டா சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆடி மாதம், திருவிழா, கூழ், வயிற்றுப்போக்கு. யாராக இருந்தாலும் அப்படித்தான் கோர்ப்பார்கள். ஆனால் இந்த இம்யூனோதெரபி மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கடிவாளம் தளர்ந்த எதிர்ப்பு அணுக்கள் சில சமயம் சொந்தக் குடலையே கடிக்க ஆரம்பித்துவிடும். அதுவும் வயிற்றுப்போக்காகத்தான் வரும். அதற்கு வைத்தியம் ஸ்டீராய்டு. தாமதித்தால் குடல் ஓட்டையாகி ஆளே போய்விடலாம். கிருமியால் வந்த போக்குக்கு ஸ்டீராய்டு கொடுத்தாலோ, கிருமி கொண்டாட்டம் போடும். இரண்டில் எது என்று தெரியாமல் எந்தப் பக்கம் கை வைத்தாலும் சரோஜாவின் உயிரோடு விளையாடுவதுதான்.

முதலில் கூழை விசாரிக்கலாம் என்று தோன்றியது. ஆட்டோக்காரரும் அதே ஊர். வாசலுக்குப் போய், "நீங்க கூழ் குடிச்சீங்களா?" என்றேன்.

"இன்னா மேடம் அப்டி கேட்டுட்டீங்க? சொம்பு சொம்பா குடிச்சேன். காலைல நாஷ்டாவே வேணான்னு கீறேன்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"ஊர்ல வேற யாருக்காவது வயிறு சரியில்லையா?"

"ஒர்த்தருக்கும் கெடையாது."

இந்தப் பக்கத்துக் கூழ் ஊற்றும் வழக்கம் எனக்கு அதுவரை முழுதாகத் தெரியாது. அவரிடமே கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, குடத்தில் வேப்பிலை சொருகித் தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே எல்லார் குடத்தையும் ஒரே அண்டாவில் கவிழ்த்துக் கலக்குகிறார்கள். பிறகு அந்த அண்டாவிலிருந்து எல்லாருக்கும் மொண்டு ஊற்றுகிறார்கள். ஒரு வீட்டுக் கூழ் கெட்டிருந்தால் ஊர் முழுக்கக் கழிப்பறை வாசலில் நிற்க வேண்டும். ஆட்டோக்காரர் தெம்பாக பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து பயிற்சி மருத்துவரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "அவங்க உடம்பு பலவீனமா இருக்கு மேடம். ஊருக்கே ஒத்துக்கிட்டது இவங்களுக்கு ஒத்துக்காம போகலாமே?" என்றார். அதுவும் சரியான கேள்விதான். எதிர்க்கேள்வி கேட்கிற ஜூனியர் கிடைப்பது அபூர்வம். நீங்களும் அப்படியே இருங்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். நோயாளியிடம் 'என்ன சாப்பிட்டீங்க' என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்டால், தப்பாக எதையோ சாப்பிட்டுவிட்டோம் போல என்று நோயாளி பயந்துவிடுவார் என்பார். 'நாலு நாளா பொழுது எப்படிப் போச்சு, கதையா சொல்லுங்க' என்றுதான் ஆரம்பிப்பார். நானும் நாற்காலியை இழுத்து சரோஜாவின் தலைமாட்டில் போட்டுக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து சொல்லுங்க சரோஜா. என்னென்ன பண்ணீங்க?"

"அது இன்னா மேடம் பண்ணும், வூட்லதான் கெடந்துச்சி" என்றார் ஏகாம்பரம்.

"நான் உங்க வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன்."

சரோஜா மெல்லப் பேசினார். "வெள்ளிக்கெயம கோயில்ல காப்பு கட்டனாங்க. நான் வாசல்லயே குந்திகினு பாத்தேன். போன வர்சம் மைக் செட்டு தகராறு ஆச்சின்னு, இந்த வாட்டி போலீஸ் ஜீப்பு வந்துச்சி. எங்க தெரு மொனைலதான் நிக்க வெச்சாங்க..." அங்கே நிறுத்தி, கணவர் முகத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் எதிர்ச் சுவரைப் பார்த்தார். நானும் அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். கைவிலங்கு போஸ்டர்.

"வயிறு எப்போ ஆரம்பிச்சது?" என்றேன்.

"கூழு குடிச்சப்பறம்தான் மேடம்" என்றார் ஏகாம்பரம், என் முகத்தைப் பார்க்காமல்.

"அப்போ கூழேதான். இந்தத் திருவிழாக் கூழை எல்லாம் தடை பண்ணணும்" என்று பயிற்சி மருத்துவர் முணுமுணுத்துக்கொண்டே கேஸ் ஷீட்டில் எழுதத் தொடங்கினார்.

சரோஜா, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையாலேயே அவர் பேனாவைப் பிடித்துவிட்டார்.

"எய்தாத நைனா" என்றார். "சனிக்கெயம ராவுலயே வயிறு ஆரம்பிச்சிடிச்சி. கூழு ஊத்தனது ஞாயித்துக்கெயம. ஆத்தா மேல பழி போடாதீங்க." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "யோவ், சொல்லிடுயா. நீ ஜெயிலுக்குப் போனா நான் வந்து பாத்துக்கறேன். அவ மேல பழிய போட்டுட்டு நான் எப்டியா உசுரோட கீறது?"

ஏகாம்பரத்தின் பார்வை மறுபடியும் அந்தப் போஸ்டருக்கே போனது. நான் எழுந்துபோய் அவருடைய நாற்காலியை, அவரோடு சேர்த்து, போஸ்டருக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டேன்.

"இங்க பாருங்க. நீங்க சொல்றதை நான் கேஸ் ஷீட்ல எழுதுவேன். ஏன்னா உங்க வீட்டுக்காரம்மா உயிர் அதுல இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல போய் எழுத மாட்டேன். அது என் வேலை இல்ல. அவங்களுக்கு நேரம் இல்ல, சொல்லுங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னார். "போன்ல பாத்தேன் மேடம். கஞ்சா எண்ண வுட்டா தோல் கேன்சரு கட்டி கரையும்னு போட்டிருந்தாங்கோ. வேலைக்குப் போன எடத்துல ஒரு ஆளு எல குடுத்தான். காச்சி சீசால ஊத்தி அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சிருந்தேன். டெய்லி நாக்குல வுடுவேன், கால்ல தடவுவேன். வலியே இல்லன்னுச்சி. நல்லா தூங்கிச்சி. கட்டியும் கொறஞ்சிகினே வந்துச்சி. நான் இன்னான்னு நெனைக்கறது சொல்லுங்க? வெள்ளிக்கெயம ஜீப்பு வந்து நின்னுச்சி பாருங்க, எனக்கு கொல நடுங்கிப் போச்சி. சீசாவ எடுத்துகினு போயி வாய்க்கால்ல கவுத்துட்டேன்."

வாய்க்காலில் போன எண்ணெய்தான் எனக்குக் கணக்கை நேர் செய்து கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். கஞ்சாவில் உள்ள சரக்கு மூளையில் மட்டும் வேலை செய்வதில்லை. குடல் சுவரிலும் அதற்கு வாசல்கள் இருக்கின்றன. குடலின் ஓட்டத்தைக் குறைக்கும், வலியை அமுக்கும். அப்படியானால் சரோஜாவின் குடல் எத்தனை வாரமாகப் புண்ணாகிக்கொண்டிருந்தது? எண்ணெய் அதை மூடி வைத்திருந்ததா? வெள்ளிக்கிழமை மூடி எடுபட்டது, சனிக்கிழமை இரவு பொங்கிவிட்டது. எண்ணெயைத் திடீரென்று நிறுத்தினாலே வயிறு கொஞ்சம் புரட்டும் என்பதும் உண்மை. ஆனால் இந்த அளவுக்குப் போகாது. இது என் ஊகம்தான், நிரூபிக்க முடியாது. ஆனால் திடீரென்று வந்த போக்கு என்பதால்தான் நாங்கள் கிருமியை நினைத்தோம். திடீரென்று வரவில்லை, திடீரென்று தெரிந்தது என்று ஆனவுடன் எல்லாமே மாறிவிட்டது.

"அப்போ எண்ணெயாலதான் வயித்துப்போக்கா மேடம்?" என்றார் பயிற்சி மருத்துவர்.

"இல்லப்பா. நாம குடுத்த மருந்தாலதான்னு நெனைக்கிறேன். எண்ணெய் அதை நம்ம கண்ணுலேர்ந்து மறைச்சிருக்கு. இப்ப வயித்தைக் கட்டுற மாத்திரை குடுத்தா நாமளும் அதையே செய்வோம். ஆன்டிபயாடிக் குடுத்தா, இந்தக் கட்டி கரையறதுக்கு எந்த நுண்ணுயிர் துணையா இருக்கோ, அதையும் சேர்த்துத் துடைச்சாலும் துடைச்சிடுவோம். கிருமின்னு உறுதியானா அப்பப் பார்த்துக்கலாம்."

சரோஜாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் தொட்டவுடன் முகம் சுளித்தார். இன்னும் கல்லாக இறுகவில்லை. கொஞ்சம் நேரம் கையில் இருந்தது. கிருமிப் பரிசோதனைக்கு மலம் வேண்டும் என்றேன். சரோஜா கண்ணைத் திறந்து, துணிப்பையைக் காட்டினார்.

"ஆய்வு டப்பா உள்ள கீது. அப்பெல்லாம் முக்கி முக்கிக் குடுத்தேன். இன்னிக்கி எவ்ளோ வேணும்னாலும் எட்த்துக்கோங்க."

அந்த நிலைமையிலும் எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏகாம்பரம் மட்டும் துண்டுக்குள் அழுதுகொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸில் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினோம். பயிற்சி மருத்துவர் தானே கூடப் போகிறேன் என்று ஏறிக்கொண்டார். மதியத்துக்குள் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட்டார்கள். உள்ளே சிவந்து, புண் புண்ணாக இருந்தது. கிருமிகளில் உடனே தெரியக்கூடியவை எதுவும் அகப்படவில்லை. மீதி முடிவுகள் வரக் காத்திருந்தால் குடல் காத்திருக்காது. ஸ்டீராய்டு தொடங்கச் சொல்லி போனில் நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, போனைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். அடுத்த நாள் போக்கு பாதியாகக் குறைந்தது என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

ஆனால் அதோடு முடியவில்லை. குடல் அப்படிப் புண்ணானவர்களுக்கு அந்த மருந்தைத் தொடரக் கூடாது என்பது ஆய்வின் விதி. நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் விஷயத்தையும் ஆய்வுக் குழுவுக்கு எழுதினேன். அதற்காக அவர்கள் சரோஜாவைத் தண்டிக்கவில்லை, தொடர்ந்து பரிசோதித்தார்கள். இருந்தாலும் எனக்கு உள்ளே உதைப்புதான். எதிர்ப்பு அணுக்களை அவிழ்த்துவிட்டுக் கட்டியைக் கரைத்தோம். இப்போது ஸ்டீராய்டு கொடுத்து அதே அணுக்களைக் கட்டிப் போடுகிறோம். கட்டி திரும்பக் கிளம்பினால் கொடுப்பதற்குக் கையில் பெரிதாக எதுவும் இல்லை. சரோஜாவுக்கும் அது தெரியும். ஒவ்வொரு வருகையிலும் தொடை இடுக்கை அவரே தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

இடையில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடுவேன். கஞ்சாவில் உள்ள சரக்குகள் ஆய்வகக் கிண்ணத்தில் கரும்புற்று அணுக்களைக் கொல்கின்றன என்பது உண்மை. கிண்ணத்தில் எத்தனையோ சாமான் அணுக்களைக் கொல்லும். மனிதர்களுக்கு அது தோல் புற்றுநோயைக் குணப்படுத்தியது என்று சொல்ல இன்றைக்கும் ஆதாரம் போதாது. மாறாக, இம்யூனோதெரபி எடுக்கும்போது கஞ்சா பயன்படுத்தியவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததோ என்று சிலர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். வேறு சிலர் அப்படி எதையும் காணவில்லை. அது எதிர்ப்பு அணுக்களை அமுக்குவதாலா, குடலின் நுண்ணுயிர்களை மாற்றுவதாலா, அல்லது நோய் முற்றியவர்கள்தான் அதைத் தேடிப் போகிறார்கள் என்பதாலா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை. நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

சரோஜாவின் டப்பாக்கள் எதையாவது சொல்லும் என்று நானும் ஆவலாகக் காத்திருந்தேன். ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை. ஒரே வயிற்றில் மருந்து, எண்ணெய், புளித்த கூழ், குடல் புண் நான்கும் இருந்தால் நுண்ணுயிர்கள் எதற்காக மாறின என்று யார் சொல்வது? ஆனால் ஏகாம்பரம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், 'கஞ்சா பயன்படுத்தாதவர்' என்ற கட்டத்தில் சரோஜாவைப் போட்டு, அதிலிருந்து ஏதோ ஒரு முடிவும் எடுத்திருப்பார்கள். நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அந்தப் போஸ்டரை நான் கிழிக்கவில்லை. மண்டபத்துக்காரரிடம் பேசி வெளி வாசலுக்கு மாற்றினேன். உள்ளே நோயாளி உட்காரும் இடத்துக்கு எதிரே வெறும் சுவர்தான். அதற்கப்புறம் எத்தனை பேர் எத்தனை விதமான சீசாக்களைப் பற்றிச் சொன்னார்கள் தெரியுமா? நீங்கள் உட்காரும் அறையில், நோயாளியின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

அடுத்த ஆடிக்குச் சற்று முன்னால் சரோஜாவின் ஸ்கேன் வந்தது. மருந்து நிறுத்தி, ஸ்டீராய்டும் முடிந்து, எல்லாம் அடங்கிய பிறகு எடுத்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். கட்டி இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்புதான் இருந்தது. வளர்ச்சி இல்லை. இரண்டு முறை பார்த்தேன். பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர், அதாவது இப்போது உங்களுக்கு வகுப்பு எடுப்பவர்களில் ஒருவர், யார் என்று சொல்ல மாட்டேன், அவரும் பார்த்தார்.

நான் சொன்னதும் சரோஜா எழுந்து நின்றார். கையெடுத்து வடக்குப் பக்கம், ஊர்க் கோயில் இருக்கும் திசையில் கும்பிட்டார். பிறகு எனக்கு ஒரு கும்பிடு. ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்தார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. அந்த எண்ணயும் கொஞ்சம் வேல செஞ்சிருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குச் சுலபம். ஆனால் மருந்து நின்ற பிறகும் கட்டி அடங்கியிருந்ததற்குக் காரணம் நான் கொடுத்த மருந்தா, சரோஜாவின் குடலில் இருந்த ஏதோ ஒரு நுண்ணுயிரா, அவருடைய உடம்பு வாகா என்று எனக்கே முழுதாகத் தெரியாதபோது, ஏகாம்பரத்தின் எண்ணெயைப் பற்றி மட்டும் எப்படி அடித்துச் சொல்வது?

"தெரியாதுங்க" என்றேன். "செஞ்சதுக்கு ஆதாரம் இல்ல. குடல் புண்ணை மறைச்சதுன்னு மட்டும் நான் நம்பறேன். இன்னும் ஒரு வாரம் மறைச்சிருந்தா, இன்னிக்கி இந்த ஸ்கேன் எடுக்க ஆள் இருந்திருக்காது."

அவர் முகம் விழுந்துவிட்டது. "நான் இன்னா மேடம் பண்ண முடியும். ஊசி நீங்க போடறீங்கோ, படம் நீங்க எடுக்கறீங்கோ. என்னால முடிஞ்சது எதனா ஒண்ணு பண்ணணும்னு இருந்துச்சி. அதுக்குத்தான்..." என்று சொல்லி முடிக்க முடியாமல் நின்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. எத்தனையோ வருஷம் எத்தனையோ பேரை 'வேற எதுவும் குடுக்காதீங்க' என்று மிரட்டியிருக்கிறேன். அவர்கள் என்ன கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

"பண்ணீங்களே" என்றேன். "அன்னிக்கி இந்த நாற்காலியில உட்கார்ந்துகிட்டு, ஜெயிலுக்குப் போவோம்னு நெனைச்சுகிட்டே உண்மையைச் சொன்னீங்க. அதை வெச்சுத்தான் நான் சரியான மருந்தை எடுத்தேன். அது நீங்க பண்ணதுதான்."

ஏகாம்பரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றார். சரோஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அத்தயும் நான் சொல்லித்தான் சொன்னாரு மேடம்" என்றார். "எய்திக்கோங்க."

எழுதிக்கொண்டேன். கேஸ் ஷீட்டில் அது இன்னும் இருக்கிறது.